படலைக்கு வெளியே நின்றவர்

பதினேழு ஓட்டைகளை நான் அடைத்துவைத்திருந்தேன். அதைக் கேட்க வந்தபோதுதான் அந்த அக்காவின் குரலை முதன்முதலாகக் கேட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், ஒரு பாத்திரக் கடையின் மாடியிலிருந்த போட்டோ ஸ்டுடியோவில் எனக்கு வேலை. டச்சப் வேலை. கீழிருந்து வெளிச்சம் வரும் சாய்வுப் பலகையில் நெகட்டிவை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகங்களிலுள்ள குறைகளை அடைக்க வேண்டும். பருவும் குழியும் நெகட்டிவில் வெளுத்த புள்ளிகளாகத் தெரியும். பென்சில் நுனியால் மெல்ல மெல்லத் தொட்டு நிரப்பினால் படத்தில் காணாமல் போய்விடும். பெண் பார்க்க அனுப்பும் படங்களில் எத்தனையோ பேரின் கன்னங்களை இப்படி வழவழப்பாக்கியிருக்கிறேன்.

ஒருநாள் ஸ்டுடியோ முதலாளி அண்ணாச்சி புதிதாகக் கழுவிய ஒரு சுருளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் நாகர்கோவில்காரர், அதிகம் விளக்கம் சொல்ல மாட்டார். எல்லாமே வீட்டுப் படங்கள். ஒரு வீட்டின் முன்சுவர் முழுக்க வெளுத்த புள்ளிகள். பழைய பிலிம், பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து அத்தனை புள்ளிகளையும் அடைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் வெள்ளைச் சேலை மாதிரி வெளிறிப்போன நீலச் சேலையில் ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இந்தச் சுவரில பதினேழு இருந்தது. எங்க, பிள்ளை?"

"என்னது அக்கா?"

"ஓட்டை. துவக்குச் சூட்டு ஓட்டை."

துவக்கு என்றால் துப்பாக்கி என்று அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணாச்சி ஓடிவந்தார். "நீ என்ன மோளே செய்து வெச்சிருக்கே!" என்று என்னைக் கடிந்துகொண்டு அவரிடம் திரும்பினார். "பொறுக்கணும் கேட்டேளா. கல்யாணப் படமா செய்து செய்து இவளுக்குக் கை அப்படிப் பழகிப்போச்சு. தெரிஞ்சு செய்யல்ல."

அவர் கோபப்படவில்லை. "பென்சில்தானே? அழிக்கலாமோ?" என்றார்.

"டர்ப்பன்டைன் தொட்டுத் துடைச்சா போயிரும்."

"அப்ப துடையுங்கோ. நான் நிக்கிறன்."

நான் பஞ்சால் துடைக்கத் துடைக்க, அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணினார். ஒவ்வொரு புள்ளியும் திரும்பி வரும்போது மெல்லிய குரலில் ஓர் எண். பதினேழு வந்ததும் மூச்சு விட்டார். "இப்பதான் அது அந்த வீடு," என்றார்.

ஸ்டுடியோவில் எல்லோரும் அவரைச் சிலோன் அக்கா என்றார்கள். "யாழ்ப்பாணம் எண்டு சொல்லுங்கோ" என்று திருத்துவார். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் சிலோன் அக்கா ஆகிவிடுவார். அங்கே ஒரு சிறிய ஊரில் தபால் நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர். அவர் அதைத் தபாற்கந்தோர் என்பார். கணவருக்குத் தொண்டையில் புற்று. மெடிக்கல் காலேஜ் பக்கத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பதற்காக இருவரும் விமானமேறி இங்கே வந்து, குமாரபுரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை அக்கா மட்டும் ஊருக்குப் போய் வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். திரும்பும்போது பனங்கட்டி கொண்டுவருவார். சிறிய ஓலைப் பெட்டிகளான குட்டான்களில் அடைத்த கருப்பட்டி. கூடையின் அடியில், அந்தக் குட்டான்களுக்குக் கீழே, பிலிம் சுருள்கள் இருக்கும். வழியில் ராணுவத்தார் கூடையைத் திறந்து பார்ப்பார்களாம். அவர் கொண்டுவந்த பிலிமைக் கழுவும் நாட்களில் எங்கள் இருட்டறையில் மருந்து நெடியை மீறிப் பனங்கட்டி மணக்கும்.

ஏன் இந்தப் படங்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"வீடு விழுந்தாலும் கடிதம் வருது, பிள்ளை," என்றார்.

அந்த ஊரில் பாதிப்பேர் பிள்ளைகளோடு லண்டனுக்கும் கனடாவுக்கும் கொழும்புக்கும் போய்விட்டார்கள். அங்கிருந்து பக்கத்து வீட்டாருக்கு, தோட்டம் பார்ப்பவருக்கு, வீட்டில் விட்டுவந்த சித்தப்பாவுக்கு என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் வீடு எப்படி இருக்கிறது? ஷெல் பட்டது என்று கேள்விப்பட்டோம், உண்மையா? கடிதத்தை வாங்க ஆளில்லாத வீடுகள் நாளுக்கு நாள் கூடின. கந்தோரில் கட்டுக் கட்டாகக் கடிதங்கள். விலாசதாரர் இல்லை என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவதுதான் விதி. அவருக்கு மனம் வரவில்லை. கணவரின் பெட்டிக் கேமராவை, மேலிருந்து குனிந்து பார்க்கும் அந்தப் பழைய கேமராவை, எடுத்துக்கொண்டு போய் வீட்டைப் படமெடுத்தார். அங்கே ஸ்டுடியோக்கள் பூட்டிக் கிடந்ததால் இங்கே கொண்டுவந்து கழுவி, படத்தின் பின்னால் வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், எடுத்த நாள் மூன்றையும் எழுதி, புளிமூட்டுப் பக்கத்துப் பெரிய தபாலாபீசிலிருந்து கடிதம் எழுதியவர்களுக்கே அனுப்பிவைத்தார். ஒழுங்கை என்றால் அவர்கள் ஊரில் சந்து.

எல்லாப் படங்களும் ஒரே மாதிரி இருக்கும். முன்னால் ஒரு வாசற்கதவு. அல்லது கதவு இருந்த இடத்தில் இரண்டு தூண். அல்லது ஒரு தூண். அதற்குப் பின்னால் வீடு, இருந்தால். பக்கவாட்டிலிருந்து ஒன்று கிடையாது, உள்ளே போய் எடுத்தது ஒன்று கிடையாது. கூரை உள்ளே விழுந்து கிடக்கும் வீட்டைக்கூட வாசலிலிருந்தே எடுத்திருந்தார். கழுத்து அறுந்ததுபோல் தலை போன பனைகள், நடுவில் பிளந்த மதில், குழி விழுந்த தெரு எல்லாம் அந்த ஒரே இடத்திலிருந்து பார்த்தவை.

"கொஞ்சம் உள்ள போய் எடுத்தா இன்னும் தெளிவா இருக்கும்லா அக்கா?"

"அதெப்பிடி? தபால்காரர் படலையில நிண்டு மணி அடிக்கிறவர். வீட்டுக்காரர் வா எண்டால்தான் உள்ளுக்குப் போகலாம்." படலை என்று அவர் சொன்னது தெருப்பக்கத்து வாசற்கதவை.

"ஆளே இல்லாத வீடுதானே?"

"ஆள் இல்லாட்டிலும் அவையின்ர வீடு," என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்துடன் சொன்னார்: "நான் கூப்பிட்டுப் பாக்கிறனான். வீட்டுக்காரர் எண்டு ரெண்டு தரம் கூப்பிடுவன். பிறகுதான் படம்."

இது படத்துக்கு மட்டுமான வழக்கமில்லை என்று எங்கள் வீட்டில் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கரமனையிலிருந்த எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. நானும் அம்மாவும் அடுக்களையில் இருந்தோம். பன்னிரண்டாயிற்று, ஒரு மணியாயிற்று. மழைக்குப் பயந்து வரவில்லை என்று நினைத்தோம். அம்மா குப்பை கொட்ட வெளியே போனவள் அலறினாள். அக்கா கேட்டுக்கு வெளியே, ஒரு சின்னக் குடைக்குக் கீழே, முழங்கால்வரை நனைந்து நின்றிருந்தார்.

"ஐயோ, இதென்ன கூத்து! கேட்டு தொறந்துதானே கெடக்கு? உள்ள வரப்படாதா?"

"கூப்பிட்டனான். மழைச் சத்தத்தில கேக்கேல்லப் போல."

"எவ்வளவு நேரமா நிக்கிறியோ?"

"கொஞ்ச நேரந்தான்."

அரைமணி நேரமாக நின்றிருக்கிறார். அம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். "இனிமே இங்க வந்தா விளிக்கவே வேண்டாம், நேரே அடுக்களைக்கு வந்திரணும், மனசிலாயோ?" என்றாள். அக்கா தலையாட்டினார். அடுத்தமுறையும் கேட்டில்தான் நின்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பதினொரு மணியிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டில்காரருக்குத் துணையாகப் போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு தொழிலாளிப் பெண் இருந்தாள். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி அக்காவைக் கேட்டாள். எழுதி முடித்ததும் விலாசம் கேட்டார் அக்கா. "போனக்காடு எஸ்டேட்டு, வித்துரா. அது போதும்மா, வந்திரும்," என்றாள் அவள்.

"போதாது. எந்த லயம்?"

"மேல் லயம்."

"எத்தினையாவது கதவு?"

அந்தப் பெண் தன் லயத்தின் வரிசை வீடுகளை நினைத்துப் பார்த்தாள். அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. விரல்விட்டு எண்ணி, "ஆறாவது. வாசல்ல செம்பரத்தி நிக்கும்," என்றாள். அக்கா அதையும் உறையில் எழுதினார். ஆறாவது கதவு, வாசலில் செம்பரத்தி. அன்று படம் கொடுக்க நான் போயிருந்தேன். அந்தப் பெண் உறையை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா செய்தது எல்லோருக்கும் நன்மையாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். கனடாவிலிருந்து ஒருவர், வீட்டின் இடியாத பக்கத்தை மட்டும் எடுத்தனுப்பும்படி எழுதியிருந்தார். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, வீட்டைக் கேட்டு அழுகிறார் என்று. அக்கா வழக்கம்போலப் படலையிலிருந்து எடுத்ததையே அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து நான்கே வரிகளில் பதில். படத்தை அம்மா பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. போய்விட்டார். இனி எங்களுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

அன்று அந்தக் கடிதத்தோடு ஸ்டுடியோ மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மேலே வரவில்லை. நான் போய் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அனுப்பாமல் விட்டிருக்கலாமோ, பிள்ளை?"

விட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். "ஓம். கேட்டிருக்க வேணும்," என்றார். அதற்குப் பிறகு முதலில் ஒரு கடிதம் எழுதுவார். உங்கள் வீட்டின் படம் என்னிடம் இருக்கிறது. பார்க்க விருப்பமென்றால் எழுதுங்கள், அனுப்புகிறேன். பதில் எழுதாதவர்களின் படங்கள் எங்கள் ஸ்டுடியோ அலமாரியில் ஒரு பிஸ்கட் தகரத்தில் இருந்தன. ஒன்றையும் அவர் கிழித்துப் போடவில்லை.

கணவருக்கு உடம்பு மோசமாகிக்கொண்டு வந்தது. குரல் முழுவதும் போய்விட்டது. ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் காட்டுவார். எழுத்து வட்டவட்டமாக, அழகாக இருக்கும். மெலிந்த, சிரித்த முகமுள்ள மனிதர். நான் போகும்போதெல்லாம் "தேத்தண்ணி குடிச்சீங்களோ?" என்று முதலில் எழுதிக் காட்டுவார். ஒருமுறை அக்கா ஊருக்குக் கிளம்பும்போது அவர் நோட்டில் எழுதினார்: எங்கட வீட்டையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு வாரும். பூட்டிவிட்டு வந்த வீடு அது; ஊருக்குப் போனால் அக்கா கந்தோரிலேயே தங்கிக்கொள்வார். பன்னிரண்டு வருடம், கொஞ்சம் கொஞ்சமாக, சிமெண்டு கிடைத்தபோது சுவரும் மரம் கிடைத்தபோது கதவுமாக இருவரும் கட்டியது.

அந்தமுறை அவர் திரும்பிவரத் தாமதமானது. வந்ததும் குட்டான்கள் இல்லாமல் ஒரே ஒரு சுருளைக் கொடுத்தார். "நீங்களே கழுவுங்கோ," என்று என்னிடம் மட்டும் சொன்னார். அண்ணாச்சி இருட்டறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். சிவப்பு விளக்கில் மருந்துத் தட்டை அசைக்க அசைக்கப் படம் மேலே வந்தது. ஒரு படலை, நீல வண்ணமோ பச்சையோ தெரியவில்லை, நன்றாகச் சாத்தியிருந்தது. கொக்கிகூட மாட்டியிருந்தது. அதற்குப் பின்னால் மூன்று படிக்கட்டு, துணி துவைக்கும் கல், பாதி எரிந்த மாமரம். படிக்கட்டு ஏறிப்போக வீடு இல்லை.

படத்தைக் காயவைத்து உறையில் போட்டுக் கொடுத்தேன்.

"நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வாங்கோ, பிள்ளை," என்றார். "தனியக் காட்ட ஏலாமல் இருக்கு."

பஸ் பிடித்துப் போனோம். வார்டில் மாலை வெயில் சாய்ந்து கிடந்தது. போனக்காட்டுப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி நின்று உறையை நீட்டினார். கணவர் பிரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மாமரத்தின் மேல் விரலை வைத்தார், படிக்கட்டின் மேல் வைத்தார். பிறகு நோட்டை எடுத்து எழுதி அக்காவிடம் நீட்டினார். நானும் படித்தேன்.

உள்ளுக்குப் போகேல்லையோ?

அக்கா அந்த வரியைப் பார்த்தபடி நின்றார். "கூப்பிட்டுப் பாத்தனான்," என்றார். "ரெண்டு தரம் கூப்பிட்டனான். ஒருத்தரும் வா எண்டு சொல்லேல்ல."

அழவில்லை. ஒரு தவறை ஒத்துக்கொள்வதுபோல் சொன்னார். தன் வீட்டுப் படலையில் நின்று, வீட்டுக்காரர் என்று தன்னையே கூப்பிட்டிருக்கிறார்.

கணவர் நோட்டைத் திரும்ப வாங்கவில்லை. கையை உயர்த்தினார், ஊசி குத்திக் குத்திக் கறுத்த கை. விரல்களை மடக்கி அழைத்தார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. ஆனால் அது என்ன சொல் என்று எனக்குத் தெரிந்தது. வா. அக்கா நகரவில்லை. அவர் இன்னொரு முறை சொன்னார். வா. வா.

அக்கா போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருடைய மார்பில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். கீழே வண்டிகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

மூன்று வாரம் கழித்து அக்காவின் கணவர் இறந்தார். தைக்காட்டு மயானத்தில் எரித்தோம். அண்ணாச்சியும் அவர் கூட்டாளிகளும் தூக்கிப் போனார்கள். அக்கா எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தார். அம்மா அவரை அடுக்களையிலேயே தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள்.

"இங்கனயே இருந்திரலாம்லா அக்கா? அங்க இனி ஆரு இருக்கா?" என்று கேட்டேன்.

"கடிதம் வந்து கிடக்கும், பிள்ளை."

"அதுக்காகப் போவாளா யாராவது?"

"பின்ன என்னத்துக்குப் போறது?" என்று திருப்பிக் கேட்டார். உண்மையாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்ததுபோல் இருந்தது.

சங்குமுகம் விமான நிலையத்தில், உள்ளே போகுமுன், முகவரி கேட்டேன். பேனாவை வாங்கினார். உறைகளில் எழுதுவதுபோலவே ஊரும் மாவட்டமும் நேராக, தெளிவாக எழுதினார். அதற்குமேல் எழுத வேண்டிய வீட்டு இலக்கத்துக்கும் ஒழுங்கைக்கும் ஒரு வரி இடம் விட்டிருந்தார். பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அந்த இடத்தில் தபாற்கந்தோர் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

இரண்டு கடிதங்கள் வந்தன. சுகம், மழை இல்லை, அம்மாவுக்கு அன்பு. அதற்குப் பிறகு அங்கே சண்டை பெரிதாகிவிட்டது என்று பேப்பரில் வந்தது. நான் எழுதியவற்றுக்குப் பதில் இல்லை.

அடுத்த வருடம் லண்டனிலிருந்து ஸ்டுடியோ விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவரை எனக்குத் தெரியாது. அவர் வீட்டுப் படத்தின் பின்னால் எங்கள் ஸ்டுடியோ முத்திரை இருந்ததாம், அதைப் பார்த்து எழுதுகிறாராம். அந்தக் கடிதத்தில்தான் அக்காவின் முழுப்பெயரை முதன்முதலாகப் படித்தேன். எங்கள் பில்லிலெல்லாம் சிலோன் அக்கா என்றும், நான் அனுப்பிய உறைகளில் தபாற்கந்தோர் அதிகாரி என்றும்தான் இருந்தது; அவர் கடிதங்களிலும் அக்கா என்றே கையெழுத்திட்டிருந்தார். கந்தோருக்குப் போகும் தெருவில் ஷெல் விழுந்ததில் அவர் போய்விட்டார் என்று ஊரிலிருந்து செய்தி கிடைத்ததாம். அவரிடமிருந்து படம் பெற்றவர்கள் லண்டனில் இருபது குடும்பங்களுக்கு மேல் இருக்கிறார்களாம். எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு நினைவுப் புத்தகம் அச்சிடுகிறார்கள். முதல் பக்கத்தில் போட அவருடைய படம் வேண்டும். எங்கள் யாரிடமும் இல்லை, நீங்கள் போட்டோ ஸ்டுடியோ, உங்களிடம் கட்டாயம் இருக்கும் என்று எழுதியிருந்தார்.

அண்ணாச்சியும் நானும் இரண்டு நாள் தேடினோம். நெகட்டிவ் பெட்டிகளையெல்லாம் கீழே இறக்கிக் கொட்டினோம். இரண்டரை வருடம் எங்கள் கண்ணெதிரே வந்துபோனவர். ஒரு படம்கூட நாங்கள் எடுத்திருக்கவில்லை. வா அக்கா, சும்மா ஒண்ணு எடுத்துக்கலாம் என்று ஒருநாளும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அண்ணாச்சி பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, "நம்மளும் ஒரு ஸ்டுடியோக்காரங்க," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படம் இல்லை என்று அந்த லண்டன்காரருக்கு எழுத உட்கார்ந்தேன். அதை மட்டும் எழுதி அனுப்ப முடியவில்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்று எழுதினேன். இடது கண் மற்றதைவிடச் சற்றுச் சிறியது. விலாசம் வாசிக்கும்போது அதை இன்னும் சுருக்குவார். மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருக்கும். சிரிப்பு முதலில் கண்ணில் வந்து, வெகுநேரம் கழித்துத்தான் வாய்க்கு வரும். தலைமுடி அதிகம் நரைக்கவில்லை. வலது கட்டைவிரலில் முத்திரை மை ஊறிப்போன ஒரு நீலக் கறை உண்டு, எந்தச் சோப்புக்கும் போகாது. இரண்டு தாள் நிறைந்தது. மடித்து உறையில் வைத்த பிறகு இன்னொன்று நினைவு வந்தது. திரும்ப எடுத்துக் கடைசியில் எழுதினேன்:

அவர் மிகவும் குள்ளம். ஐந்தடிகூட இருக்க மாட்டார். கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துத்தான் எடுப்பார். அவர் எடுத்த எல்லா வீடுகளும் உள்ளதைவிடக் கொஞ்சம் உயரமாகத் தெரிவது அதனால்தான். உங்கள் வீட்டுப் படத்தை எடுத்துப் பாருங்கள்.